தாடகை மலையும் கல்லக்குடிக் கிளிஞ்சலும்

"சார், மலைக்கு வயது என்ன?"

ஏழாம் வகுப்பிலே எழுந்த கேள்வி. கேட்டவன், வயலிலே நாற்று நடும் தாயின் மகன். பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியே தெரியும் மலையைச் சுட்டிக்காட்டித்தான் கேட்டான். நாம் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து மற்றொருவன் எழுந்தான். "அது மலை இல்லை சார், தாடகை! இராமனோட அம்பு பட்டு விழுந்து கிடக்கா. எங்க ஆச்சி சொன்னா." வகுப்பு முழுதும் ஆமென்று தலையசைத்தது. கேள்வி அங்கேயே செத்தது.

பூதப்பாண்டியிலே பிறந்தவர் எவரும் இந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்ததில்லை. பழையாறு பாய, பச்சை வயல் விரிய, அதற்கப்பால் எழுந்து நிற்கும் மலைத்தொடரிலே, மல்லாந்து கிடக்கும் மாது ஒருத்தியின் வடிவைக் கண்டனர் முன்னோர், தாடகை என்றனர். சற்றுத் தெற்கே சென்றால் மருந்துவாழ்மலை. அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டு என்பர். வடக்கே மகேந்திரகிரி. அனுமன் இலங்கைக்குத் தாவிய இடம் என்பர். இன்று அதே மகேந்திரகிரியின் அடிவாரத்திலே ராக்கெட் எந்திரங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள் நம் விஞ்ஞானிகள். எந்திரம் சீறுகிறது, ஆயினும் கதை தன் இடத்தைவிட்டு அசையவில்லை!

தோழர்களே! கதை பொய் என்று கூறிவிடுவது எளிது. மேடையேறி அதை முழங்குவது அதனினும் எளிது. ஆனால் பொய்யைப் பிடுங்கிய இடத்திலே மெய்யை நட வேண்டாமா? வெற்றிடம் விட்டால் அங்கே வேறொரு பொய் முளைக்காதா? "தாடகை இல்லையென்றால் மலைக்கு வயது என்ன?" என்று அந்தச் சிறுவன் மறுபடியும் கேட்டால் நாம் கூறும் விடை யாது? வரலாறு பயின்று பட்டம் பெற்றவர் நாம். சோழன் ஆண்ட ஆண்டு தெரியும். பாண்டியன் வீழ்ந்த ஆண்டு தெரியும். திருவிதாங்கூரிலிருந்து நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் முதல் நாள் என்பதும் தெரியும். அன்றாடம் கண்ணெதிரே நிற்கும் மலையின் ஆண்டு மட்டும் தெரியாது! வெட்கினோம். நூல்களைப் புரட்டினோம். நிலவியல் பயின்ற நண்பரை நாடினோம்.

நண்பர் கூறியது இது. நம் மலையின் கல், சார்னோக்கைட்டும் அதன் உறவுக் கற்களும். பூமியின் ஆழத்திலே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, உருமாறி, இறுகிய கல். இறுதியாக அது அவ்வாறு வெந்ததே 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பெயர் வந்த வழி வேடிக்கையானது: கல்கத்தாவிலே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் என்பாரின் சமாதிமீது கிடந்த கல்லை 1893இல் ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். இத்தகைய கல்லிலே எந்த உயிரின் சுவடும் நிற்பதில்லை. வெப்பம் எல்லாவற்றையும் அழித்துவிடும். "உங்கள் மலை, எழுத்தெல்லாம் எரிந்துபோன ஏடு. எழுத்து அழியாத ஏட்டைக் காண வேண்டுமானால் அரியலூருக்குப் போங்கள்" என்றார் நண்பர்.

விடுமுறை வந்தது. போனோம்.

நாம் கண்டது மலையன்று. மலைக்கு எதிரான பள்ளம். திருச்சிக்கு வடகிழக்கே, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலே, பருத்தியும் சோளமும் விளையும் காடுகளுக்கு நடுவே, வெட்டவெளியாய் விரிந்து கிடக்கிறது காரை என்னும் சிற்றூரின் ஓடைக்காடு. மழை அரித்து அரித்து, மண் மேடுகள் சுருங்கிய தோலைப்போல் மடிப்பு மடிப்பாய் நிற்கின்றன. புல் அரிது, நிழல் அதனினும் அரிது. குனிந்து பார்த்தோம். விரல் நீளத்திலே, துப்பாக்கிக் குண்டின் வடிவிலே, பழுப்பு நிறக் கல் ஒன்று. அருகே இன்னொன்று. அதனருகே பத்து. பெலம்னைட் என்கிறது நிலவியல். இன்று நம் மீனவர் வலையிலே விழும் கணவாய்க்கு மிகத் தொலைவான உறவு; அதன் உடலினுள்ளே இருந்த ஓட்டின் கூர்முனை இது. கடலிலே நீந்திய உயிர்! கடலோ, இங்கிருந்து கிழக்கே பல கல் தொலைவில். எடுத்துப் பார்த்தோம்; எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

கடல் உயிர் காட்டிலே ஏன் கிடக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை, தரையின் அடுக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டியிருந்த பெருநிலம் பிளக்கத் தொடங்கியது. பிளந்த விளிம்பிலே தரை தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்திலே கடல் புகுந்தது. இன்றைய காவிரிப் படுகை பிறந்த கதை இதுதான். அது கிரெட்டேசியஸ் காலம். 14 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. கிரெட்டா என்றால் இலத்தீன் மொழியிலே சுண்ணம். ஐரோப்பாவிலே அக்காலத்துப் படிவுகள் வெண்சுண்ணமாய்க் கிடப்பதால் இப்பெயர் வந்தது.

சுண்ணாம்புக்கல் எப்படி உண்டாகிறது? நத்தையும் சிப்பியும் பவளமும் கடல் நீரிலிருக்கும் சுண்ணத்தை உறிஞ்சித் தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. சாகின்றன. ஓடு அடியிலே படிகிறது. அதன்மேல் இன்னொரு ஓடு. அதன்மேல் சேறு. நூறாண்டிலே ஒரு மெல்லிய பூச்சு. இலட்சம் ஆண்டிலே ஓர் அடுக்கு. கோடி ஆண்டிலே ஒரு பாறை. கல்லக்குடியிலே கிடக்கும் கல், ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த பவளத் திட்டு. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியிலே கிடப்பது, அதற்கும் மூன்று கோடி ஆண்டுகள் பிந்திய சிப்பிப் படுகை. கை அகலச் சிப்பிகள் அடுக்கி வைத்தாற்போல் அடர்ந்து கிடக்கின்றன. கடல் ஒருமுறை வந்து தங்கிவிடவில்லை. வந்தது, பின்வாங்கியது, மறுபடியும் வந்தது. சாத்தனூரிலே, கடலிலே அடித்துவரப்பட்டு மண்ணிலே புதைந்து கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. ஊரார் கல்மரம் என்கின்றனர். அதனினும் பொருத்தமான பெயரை எந்தப் பேராசிரியரும் கண்டுபிடிக்க முடியாது!

தாடகையின் உடலைத் தேடிப் புறப்பட்ட நாம், கடலின் உடலையல்லவா கண்டோம்!

இந்த ஏட்டை முதலிலே படித்தவர் யார்? இங்கேதான் வரலாறு நம் முகத்திலே அறைகிறது.

1840களிலே, சென்னை மாகாணத்தில் அலுவல் பார்த்துவந்த கே, கன்லிஃப் என்னும் இரு வெள்ளையர், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களிலே கிடந்த கற்சிப்பிகளைப் பொறுக்கி இலண்டனுக்கு அனுப்பினர். அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார் எட்வர்டு ஃபோர்ப்ஸ். பார்த்ததும் அவர் அறிந்தார்: இவை ஐரோப்பாவின் சுண்ணப் படிவுகளிலே கிடைக்கும் உயிர்களுக்கு உறவு! புதியவற்றுக்குப் பெயர் சூட்ட வேண்டும். அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிர்கள் பல. கணவாய்க்கு உறவான கடல்வாழ் உயிர்கள் அவை. ஃபோர்ப்ஸ் என்ன செய்தார் தெரியுமா? நம் நாட்டுத் தெய்வங்களின் பெயர்களையே எடுத்துக்கொண்டார். ஒன்றுக்கு இந்திரன், ஒன்றுக்கு வருணன், ஒன்றுக்குச் சூரியன், ஒன்றுக்குப் பிரமன்! இன்றும் உலகத்து நிலவியல் ஏடுகளிலே அந்தப் பெயர்கள் வழங்குகின்றன.

இதன் மறுபுறத்தையும் பாருங்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலே உருண்டுவரும் கருங்கல் ஒன்று. உடைத்தால் உள்ளே சுருள். விஷ்ணுவின் சக்கரம் என்றனர், சாளக்கிராமம் என்றனர், பட்டுத் துணியிலே வைத்துப் பாலால் நீராட்டினர். அதுவும் அம்மோனைட்தான். இமயம் எழுமுன் அங்கே கிடந்த கடலின் நத்தைக்கு ஒத்த உயிர். வடக்கிலே கடலுயிர் கடவுளாயிற்று. தெற்கிலே கடவுளின் பெயர் கடலுயிருக்குப் போயிற்று. கல் ஒன்றே. ஓரிடத்திலே கண்ணை மூடிக் கும்பிட்டனர்; ஓரிடத்திலே கண்ணைத் திறந்து பார்த்தனர்.

பிறகு வந்தார் ஹென்றி பிளான்ஃபோர்டு. 1851இல் நிறுவப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிலே பணியாற்றிய இளைஞர். 1857 முதல் 1860 வரை தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களை அளந்தார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பாறை அடுக்குகளை மூன்று தொகுதிகளாய்ப் பிரித்தார். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்ட மூன்று காலங்கள். 1862இல் அறிக்கை வெளிவந்தது. அவர் பெயரிட்ட அம்மோனைட்டுகளிலே ஒன்று தமூலிக்கம். தமிழ் நிலத்தின் பெயரைத் தாங்கியது.

அவருக்குப் பின் ஃபெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா. மொராவியா நாட்டிலே 1838இல் பிறந்தவர். தமிழ் மண்ணின் கிரெட்டேசியஸ் உயிர்களை வகைப்படுத்திப் பெரும் நூல் தொகுதிகளை உருவாக்கினார். இமயத்தின் ஸ்பிட்டி அடுக்குகளையும் ஆராய்ந்தார். யார்க்கண்டு சென்று திரும்பும் வழியிலே, 1874இல், லடாக்கின் மலைக் கணவாய் ஒன்றைக் கடந்தபின் மாண்டார். வயது 36. நம் மண்ணின் சிப்பியைப் பற்றிய அறிவுக்காக எங்கோ பிறந்த இளைஞன் உழைத்தான். நம் மண்ணிலே பிறந்த நாம் அவன் பெயரைக்கூட அறியவில்லை.

சாத்தனூர்க் கல்மரத்தை 1940இல் கண்டு உலகுக்கு உரைத்தவர் எம். எஸ். கிருஷ்ணன், தமிழர். 1951இல் அந்த ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். துறை பிறந்து இந்தியர் ஒருவர் தலைமை ஏற்க நூறாண்டு ஆயிற்று என்பதையும் நினைவிலே வையுங்கள்.

ஏன் நாம் முதலிலே படிக்கவில்லை? கண் இல்லையா? அறிவு இல்லையா? இருந்தது. அரியலூர் உழவன் ஏர் பிடிக்கும்போதெல்லாம் சிப்பி புரண்டது. கல்லுடைப்பவன் சம்மட்டி விழும்போதெல்லாம் சுருள் தெறித்தது. சுண்ணாம்பு சுடுபவன் சூளையிலே கோடி ஆண்டு வெந்தது. ஆனால் கல் இருந்த கையிலே எழுத்து இல்லை. எழுத்து இருந்த கை கல்லைத் தொடுவதை இழிவு என்று கருதியது. உழைப்பையும் ஏட்டையும் பிறப்பால் பிரித்துவைத்த நாட்டிலே, பாறையை யார் படிப்பது?

இங்கிலாந்திலே என்ன நடந்தது? வில்லியம் ஸ்மித், கிராமத்துக் கொல்லனின் மகன். கல்லூரி வாயிலை மிதியாதவன். கால்வாய் வெட்டும் இடங்களிலே அளவைத் தொழில் பார்த்தவன். வெட்டிய பள்ளங்களிலே அடுக்கு அடுக்காய் மண் மாறுவதையும், ஒவ்வோர் அடுக்குக்கும் உரிய சிப்பி வேறு வேறு என்பதையும் கண்டான். எந்தச் சிப்பியைக் கண்டால் எந்த அடுக்கு என்று கூற முடியும் என்றான். 1815இல் நாட்டின் நிலவியல் வரைபடத்தையே வெளியிட்டான். கனவான்கள் முதலிலே அவனைத் தம் சபையில் சேர்க்கவில்லை. பின்னர் அவர்களே பதக்கம் அளித்தனர். மண்ணைத் தொட்ட கைக்கு எழுத்தும் கிட்டியதால் விளைந்த வெற்றி அது.

இங்கோ, கண்ணிலே பட்ட விந்தைக்கெல்லாம் விடை முன்பே தயாராய் இருந்தது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலே, கல்லாகிப்போன மரங்கள் ஏராளமாய்க் கிடக்கின்றன. அரியலூர்க் கற்களுக்கு வெகுவாகப் பிந்தியவை. அவை எவை என்று கேட்டால், கொல்லப்பட்ட அசுரனின் எலும்புகள் என்றது கதை! நம் ஊரிலே அரக்கியின் உடல். திருவக்கரையிலே அசுரனின் எலும்பு. ஊர் வேறு, உத்தி ஒன்று. கேள்வி எழுமுன்னே விடையைத் திணித்துவிட்டால், எவன் தேடிப் போவான்?

இதுவரை படித்த தோழர்கள் மகிழ்ந்திருப்பீர்கள். தலையசைத்திருப்பீர்கள். இனிக் கூறப்போவது அவ்வளவு இனிக்காது. ஆயினும் கூறியாக வேண்டும்.

தாடகைக் கதை அவர்களுடையது, எறிந்துவிட்டோம். நம்முடைய கதை ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது?

குமரி முனைக்குத் தெற்கே மாபெரும் கண்டம் ஒன்று இருந்தது; அங்கே தமிழன் ஆட்சி செலுத்தினான்; கடல் அதை விழுங்கிற்று; அதுதான் லெமூரியா, குமரிக்கண்டம். இதை மேடையிலே முழங்கியவர்கள் நாம். கல்லுக்கும் மண்ணுக்கும் மூத்த குடி என்று மார் தட்டியவர்கள் நாம். குமரி மாவட்டத்திலே வாழும் நமக்கு அந்தக் கதையிலே தனிப் பெருமையும் உண்டு. ஆனால் லெமூரியா என்னும் சொல் எங்கே பிறந்தது? சங்க ஏட்டிலா? இல்லை. 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் சூட்டிய பெயர் அது. மடகாஸ்கர் தீவிலே லெமூர் என்னும் மரமேறும் விலங்கு. அதன் உறவான தேவாங்கு இந்தியாவிலே. நடுவே கடல். எப்படிக் கடந்தன? நடுவே நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1875இல் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த மூழ்கிய நிலம் ஒன்று உண்டு என்று பழம்பாறைகளைச் சான்றாக்கி வாதிட்டவர் யார் தெரியுமா? நம் அரியலூரை அளந்த அதே பிளான்ஃபோர்டு!

அன்று அது நேர்மையான ஊகம். இருந்த சான்றுக்கு ஏற்ற விடை. ஆனால் விஞ்ஞானம் அங்கே நின்றுவிடவில்லை. 1912இல் ஆல்ஃபிரெட் வெகனர், கண்டங்களே நகர்கின்றன என்றார், நகைத்தனர். 1960களிலே கடலின் அடித்தளத்தை அளந்தனர். நகர்வது உண்மை என்று நிறுவினர். ஒட்டியிருந்த நிலங்கள் பிரிந்தன. நடுவே புதிய கடல் திறந்தது. மடகாஸ்கரிலிருந்து இந்தியா பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். வடக்கே நகர்ந்து ஆசியாவின்மீது மோதியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன். மோதலிலே மடிந்து உயர்ந்தது இமயம். எவரெஸ்டு சிகரத்தின் உச்சியிலே இருப்பதும் கடலுயிர்ச் சுவடு தாங்கிய சுண்ணாம்புக்கல்லே, 40 கோடி ஆண்டுக்கும் மூத்தது. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது.

நம் இன மனிதன் தோன்றியது எப்போது? ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு முன். மடகாஸ்கர் பிரிந்த நாளிலே இந்தியாவிலே தமிழனும் இல்லை, ஆரியனும் இல்லை, குரங்கும் இல்லை. பனிக்கட்டிக் காலம் முடிந்தபோது கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது உண்மை. கரையோர நிலங்கள் உலகெங்கும் நீரிலே மறைந்ததும் உண்மை. கடல்கொண்ட நிலத்தைப் பற்றிய நம் இலக்கிய நினைவுக்கு அத்தகைய இழப்பு இடம் தரலாம். கண்டம் ஒன்றுக்கு இடம் தராது.

இதைச் சொன்னால் தமிழுக்கு இழுக்கா? கீழடியிலே தோண்டி எடுத்த ஓட்டிலே கீறிய எழுத்து போதாதா நம் பழமைக்கு? சான்று உள்ள பெருமையே சாகாத பெருமை. 2023இல் மத்தியப் பாடநூல் நிறுவனம் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கண்டித்தனர். நாமும் கொதித்தோம்; சரிதான். ஆனால் டார்வினை நீக்குவோரைக் கண்டித்த அதே நாவால், லெமூரியாவை வரலாறு என்று வகுப்பிலே கூறலாமா? அவர்கள் கதைக்கு ஒரு தராசு, நம் கதைக்கு ஒரு தராசு வைத்திருப்பவனுக்குப் பெயர் பகுத்தறிவாளனன்று, வேறு கடைக்காரன்.

தராசு ஒன்றே என்பதைக் கல்லே நமக்குக் கற்பிக்கிறது. 2020 அக்டோபரிலே, பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலே, ஏரி மண் எடுத்த இடத்தில் உருண்டை உருண்டையாய்க் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது; கூட்டம் திரண்டது. நிலவியலார் பார்த்து, முட்டையன்று, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு என்றனர். முட்டையே அந்த வட்டாரத்தில் இல்லையா என்றால், 2009இல் செந்துறைப் பக்கத்திலே முட்டைப் படிவங்கள் கண்டறியப்பட்டதாக ஆய்வாளர்கள் அறிவித்ததும் உண்டு. கல்லமேட்டிலே கிடைத்த பேரெலும்புகளுக்கு 1980களின் இறுதியிலே புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர் யாதகிரியும் அய்யாசாமியும். ஊன் உண்ணி என்று முதலிலே எழுதினர். தாவரம் உண்ணும் நெடுங்கழுத்து விலங்கு என்று பின்னர்த் திருத்தினர். எலும்புகளோ நொறுங்கிப் போயின. எலும்பா, கல்மரமா என்றுகூட ஐயம் எழுந்தது. 2022இல் பழைய படங்களை வெளியிட்டு மறுபடியும் வழக்காடினர். ஐயம் கொள்வது அங்கே பாவமன்று, கடமை. தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்வது அவமானமன்று, வழக்கம்.

இறுதியாக ஒன்று. நாம் கல்லக்குடியிலே நின்றபோது தோன்றியது.

கல்லக்குடி! அந்தப் பெயரைக் கேட்டாலே நம் இயக்கத்தின் நெஞ்சு நிமிரும். 1939இல் சிமெண்டு ஆலை வந்தது. ஊருக்கு டால்மியாபுரம் என்று பெயர் விழுந்தது. 1953 சூலை 15ஆம் நாள், ஊரின் பெயரை மீட்கத் தோழர்கள் தண்டவாளத்திலே தலை வைத்துப் படுத்தனர், கலைஞர் முன்னின்றார். பின்னர்ப் பெயர் மீண்டது. ஆனால் நிலவியல் நூலைத் திறந்து பாருங்கள். அங்குள்ள பவளப் பாறை அடுக்கின் பெயர், இன்றும் டால்மியாபுரம் படிவம்! நிலையப் பலகையிலே வென்ற நாம், நூலிலே நுழையவே இல்லை. பலகையை மாற்றப் போராட்டம் போதும். நூலிலே நுழையப் படிப்பு வேண்டும்.

பெயர் கிடக்கட்டும், பொருளைப் பாருங்கள். அரியலூர் வட்டாரம் முழுதும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். வெடி வெடிக்கிறது, பாறை பிளக்கிறது, லாரி லாரியாய் ஆலைக்குப் போகிறது, அரைபட்டு, சூளையிலே வெந்து, சிமெண்டாய் மூட்டையிலே கட்டப்படுகிறது. நாம் கற்பிக்கும் பள்ளியின் சுவரிலே பூசியிருப்பதும் அந்த மூட்டையாக இருக்கலாம். சிமெண்டு வேண்டாம் என்று கூறும் மூடரல்லர் நாம். ஆலை ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் படிக்குமுன்னே எரிக்கலாமா ஏட்டை? சுரங்கத்தின் ஒரு சுவரையாவது, அடுக்குகள் தெரியும் ஒரு பக்கத்தையாவது, வெட்டாமல் விட்டுவைக்கச் சட்டம் வேண்டாமா? சாத்தனூர்க் கல்மரத்துக்கு வேலி இட்டனர், வாரணவாசியிலே அருங்காட்சியகம் அமைத்தனர், நன்று. காரையின் ஓடைக்காட்டுக்கு யார் காவல்?

இளைஞர்களே! கோடை விடுமுறையிலே சுற்றுலா போகிறீர்கள். ஒருமுறை அரியலூருக்குப் போங்கள். சிப்பியைக் கண்டால் பையிலே போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அடுக்கிலிருந்து பிரிந்த சிப்பி, ஏட்டிலிருந்து கிழிந்த எழுத்து. படம் எடுங்கள், எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று குறியுங்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். அவ்வட்டாரத்திலே ஆசிரியராய் இருக்கும் தோழர்களே! உம் மாணவனின் தந்தை சுரங்கத்திலே சம்மட்டி பிடிப்பவராய் இருக்கலாம். அவர் மகன் கையிலே எழுத்து இருக்கிறது இன்று. கல்லும் எழுத்தும் ஒரே வீட்டிலே சேர்ந்திருக்கும் நாள் இது. நூற்றாண்டுகளாய் வாராத நாள், வீணாக்கலாமா?

ஊர் திரும்பினோம். பள்ளி திறந்தது. ஜீவா பிறந்த ஊரல்லவா பூதப்பாண்டி! கேள்வி கேட்கப் பிறந்தவர்களை இந்த மண் அறியும். அந்தச் சிறுவனை எழுப்பினோம். "உன் கேள்விக்கு விடை கொண்டுவந்திருக்கிறோம். மலையின் கல் வெந்து இறுகியே 50 கோடி ஆண்டுக்கு மேல்" என்றோம். வகுப்பு வாய் பிளந்தது. சற்று நேரம் சிந்தித்தான் சிறுவன். பிறகு கேட்டான்:

"அதை எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?"

பின்வரிசையிலே, ஆச்சியின் கதை சொன்னவன், இம்முறை எழுந்து விடை கூறவில்லை. பதிலுக்காக நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.